துடைக்காத பொட்டு

என் அத்தானோடு வெளியூர் கிளம்புகிறவர்கள் பொறுமையை முதலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். துணிமணியெல்லாம் அப்புறம்தான். அவர் பதற்றக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் இல்லை அவர். எந்த வேலையையும் ஒரே தரம்தான் செய்வார். அந்த ஒரு தரத்துக்குள் நமக்குத் தலை நரைத்துவிடும்.

பேருந்துப் பணிமனையில் சக்கரப் பிரிவில் முப்பத்தோரு வருடமாக இருக்கிறார். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை அளவாக இறுக்கி, வண்டியை வெளியே அனுப்புவது அவர் வேலை. அதற்கென்று நீளமான ஒரு ரெஞ்ச் உண்டு. வேண்டிய அளவுக்கு நட்டு இறுகியதும் கைக்குள்ளேயே 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் வந்ததும் அத்தான் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பெயிண்ட் பேனாவை எடுத்து நட்டின் தலையில் ஒரு பொட்டு வைப்பார். பத்து நட்டு என்றால் பத்துப் பொட்டு. பணிமனையில் அவருக்குப் பெயரே மஞ்சப்பொட்டுதான். சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இந்தப் பொட்டு அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் வந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒரு பேருந்தின் முன்சக்கரம் தனியாகக் கழன்று, தெரு முழுவதும் உருண்டு போய், ஒரு மருந்துக்கடைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் நின்றது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. சக்கரத்தை இறுக்கியது யார் என்று மேலதிகாரி கேட்டபோது பிரிவில் இருந்த ஒன்பது பேரும் கையை விரித்தார்கள். அத்தானும் அந்த ஒன்பதில் ஒருவர். "பொய் சொல்லலம்மா. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், நானா இல்லையான்னு எனக்கே தெரியல. அதுதான் தூங்க விடல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அடுத்த வாரமே சொந்தமாகப் பேனா வாங்கிக்கொண்டு போய்விட்டார். இதை இறுக்கியது நான்தான் என்று சொல்வதற்காகத்தான் பொட்டு. நட்டைத் தளர்த்தினால் உடனே பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் பொட்டைத் துடைத்துவிட வேண்டும். தளர்த்திய கையே துடைக்க வேண்டும். இவையெல்லாம் அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டங்கள்.

என் அக்கா அதே பணிமனையில் பேருந்து ஓட்டுகிறாள். சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலை, முன்சக்கரத்தில் பொட்டு இல்லை என்று வண்டியை எடுக்க மறுத்துவிட்டாள். பயணிகள் கத்த, மேலாளர் கத்த, இவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அத்தான் ஓடி வந்து இறுக்கிப் பொட்டு வைத்த பிறகுதான் ஏறினாள். அன்றைக்கே விழுந்துவிட்டேன் என்பார் அத்தான். "எனக்கு வண்டி லேட்டாச்சேன்னுதான் கவலை, உங்களை யாரு பாத்தா" என்பாள் அக்கா. இருபத்திரண்டு வருடமாக அவள் ஓட்டும் வண்டிக்கு அவர்தான் பொட்டு வைக்கிறார். இத்தனை வருடத்தில் அவள் ஒரு நட்டைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. பொட்டைப் பார்ப்பாள், ஏறி உட்காருவாள்.

நான் இவர்களுக்கு வால். நாற்பத்தொரு வயது, தனிக்கட்டை, பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் மூன்று பேருக்கும் பொதுவான பைத்தியம் மலைத்தடங்களில் சைக்கிள் ஓட்டுவது. எங்கள் ஊரில் வருடத்தில் நாலு மாதம் தடமெல்லாம் பனிக்குள் புதைந்து கிடக்கும். அதனால் குளிர்காலத்தில் ஒரு தடவை மூன்று சைக்கிளையும் வேனில் ஏற்றிக்கொண்டு தெற்கே போவோம். இரண்டு நாள் ஓட்டினால் ஈரமில்லாத செம்மண் வந்துவிடும்.

இந்த வருடம் அக்காவுக்கு ஆறு நாள்தான் விடுப்பு கிடைத்தது. போக இரண்டு, வர இரண்டு, நடுவில் இரண்டே நாள். மத்தியானத்துக்குள் மலைச்சாலையைத் தாண்டாவிட்டால் பனிப்புயலில் மாட்டிக்கொள்வோம் என்று வானொலியில் வேறு சொல்லிவிட்டார்கள். அக்கா விடியற்காலையிலேயே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மூன்று சைக்கிளும் வேனுக்குள் நிற்க வேண்டுமானால் ஹேண்டில்பார்களைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அதற்கு ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கழுத்தில் உள்ள இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். சைக்கிள் போல்ட்டுகளுக்கும் அத்தான் பொட்டு வைப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டு இன்னும் விலகவில்லை. அவர் மூச்சுவிட்ட ஈரம் மீசையில் வெள்ளையாகக் கட்டியிருந்தது. அக்காவின் ஹாரனுக்குப் பயந்து அன்றைக்கு ஒரு நாள் தன் சட்டத்தை மீறினார். "சின்னவளே, நான் தளர்த்திக்கிட்டே போறேன், நீ பின்னாடியே துடைச்சிட்டு வா" என்று தின்னர் புட்டியையும் துணியையும் என் கையில் கொடுத்தார்.

கையுறையோடு துடைக்க முடியவில்லை. கழற்றினேன். அந்தக் குளிரில் தின்னர் பட்டதும் விரல்கள் எரிந்து, பிறகு மரத்துப் போயின. என் சைக்கிளைத் துடைத்தேன், அத்தானுடையதைத் துடைத்தேன். அக்காவுடையதற்கு வந்தபோது விரல்கள் என்னுடையவையாகவே இல்லை. எப்படியும் அங்கே போய் அவர்தான் இறுக்கப் போகிறார், அவர்தான் பொட்டு வைக்கப் போகிறார், இருக்கிற பொட்டை அழித்து மறுபடி வைப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று தோன்றியது. துணியைச் சுருட்டி வேனுக்குள் எறிந்தேன்.

"ஆச்சு அத்தான்."

"மூணுமா?"

"மூணும்."

வழியெல்லாம் பேச்சில் காரம். சாலையில் பனி கண்ணாடி போல் படிந்திருந்தது. ஒரு திருப்பத்தில் வேனின் பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு விலகிப் போய், அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திரும்ப நேராக்கினாள். அப்படியும் அத்தான் ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்திலும் இறங்கி வேனின் சக்கர நட்டுகளுக்கு ரெஞ்ச் போட்டார்.

"நேத்து ராத்திரி இறுக்கினதுதானே? அதுக்குள்ள என்ன கழண்டு ஓடிடப் போகுது?" என்றாள் அக்கா.

"புது டயர் மாட்டியிருக்கு. கொஞ்ச தூரம் ஓடினதும் ஒரு தடவை பாக்கணும்."

"கொஞ்ச தூரம்னா பரவாயில்ல. நீங்க நாலு தடவை பாத்தாச்சு. ஆறு நாளும் நட்டோட மூஞ்சியையே பாத்துட்டு வாங்க, என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

அத்தான் ரெஞ்சைத் துடைத்து வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அவர் பதில் சொல்லாதபோதுதான் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறும். இரண்டாம் நாள் காலையில் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, அலுப்பாகவும் இருந்தது.

மத்தியானம் தடத்தின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் அடித்தது. வண்டி நிறுத்துமிடத்தில் எங்களைத் தவிர ஒரே ஒரு கார்தான் நின்றது. அக்கா கழிப்பறைப் பக்கம் உடை மாற்றப் போனாள். அத்தான், "ஹேண்டில் மூணையும் நிமிர்த்தி, கையளவு இறுக்கி வை. நான் ரெஞ்சை எடுத்துட்டு வந்து பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பைகளுக்கு அடியில் போய்விட்ட சின்ன ரெஞ்சைத் தேட வேனின் பின்பக்கத்தில் தலையை விட்டார்.

நிமிர்த்தினேன். போல்ட் திருகும் சின்னச் சாவியால் விரல் பலத்துக்கு இறுக்கினேன். நேராக நிற்கும், சமதரையில் உருளும், அவ்வளவுதான். அக்காவின் சைக்கிளைப் பிடித்தபோது இரண்டு மஞ்சள் பொட்டுகளும் என்னைப் பார்த்தன. அத்தான் பார்த்தால் முகம் சுளிப்பாரே என்றுதான் அப்போதும் நினைத்தேன். அதற்குள் துடைத்துவிடலாம் என்று வேனின் முன்பக்கம் ஓடி, இருக்கைக்கு அடியில் துணியைத் துழாவினேன்.

"நான் முன்னாடி போறேன், உங்க அத்தான் நட்டுக்கெல்லாம் தாலாட்டுப் பாடி முடிச்சதும் வாங்க" என்று அக்காவின் குரல் கேட்டது.

இருக்கைக்கு அடியிலிருந்து, "ம்" என்றேன்.

துணியோடு வெளியே வந்தபோது இரண்டு சைக்கிள்கள் நின்றன. ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அத்தான் ரெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இவளோடது எங்க?"

"போயிட்டா."

"எப்படிப் போவா? பொட்டில்லாம அவ ஏற மாட்டாளே."

அவர் என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். தின்னர் வாடை அவருக்குத் தெரியாததல்ல.

"இருந்துச்சு அத்தான்" என்றேன். "அவளோடதை மட்டும் துடைக்கல. கை மரத்துப் போச்சு. துடைச்சேன்னு பொய் சொல்லிட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் ஏறுவதற்கு முன் சக்கரத்தை முழங்காலில் இடுக்கி ஹேண்டிலை ஒருமுறை ஆட்டிப் பார்த்திருப்பார்கள். இவள் பார்க்க மாட்டாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அத்தான் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அவளுடைய கைபேசிக்கு அடித்தேன். அது வேனுக்குள் அவள் பையில் மணியடித்தது.

அந்தத் தடம் ஒருவழிச் சுற்று. முதல் மூன்று கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும். ஏறும்போது ஒன்றும் ஆகாது. உச்சியைத் தாண்டியதும் சரிவு ஆரம்பிக்கும். சரிவின் நடுவில் பல்வரிசை என்று ஒரு இடம். இருபது முப்பது கற்கள் படிபோல் துருத்திக்கொண்டிருக்கும், இடதுபக்கம் வெறும் பள்ளம். நல்ல சைக்கிளையே அங்கே இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் கல்லில் முன்சக்கரம் இடித்ததும் அக்காவின் ஹேண்டில் ஒருபக்கம் போகும், சக்கரம் ஒருபக்கம் போகும்.

"போய் எவ்வளவு நேரமாச்சு?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"உச்சிக்கு அவளுக்கு இருபது நிமிஷம். நீ பின்னாடியே கத்திக்கிட்டே போ. நான் இறங்குற பக்கமா ஏறிப் போய் பல்வரிசைக்கு மேல நிக்கிறேன்."

நான் என் சைக்கிளில் ஏறப் போனேன். அவர் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தினார். ரெஞ்சை என் சைக்கிளின் கழுத்தில் வைத்தார்.

"அத்தான், விடுங்க. நேரமில்ல."

"ஒருத்தி போதும்" என்றார்.

டக். டக். பேனாவை எடுத்து இரண்டு பொட்டு வைத்தார். அவசரத்தில் ஒன்று போல்ட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டது. அந்த அரை நிமிடத்தில் நான் அவரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன், வாய்விட்டே திட்டினேன். அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. முடித்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில், வலிக்கிற முழங்காலோடு, ரெஞ்சைப் பையில் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஏற்றத்தில் நான் எப்போதும் கடைசிதான். பாதியில் இறங்கித் தள்ளுவேன், இருவரும் மேலே நின்று கேலி செய்வார்கள். அன்று இறங்கவில்லை. நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. மூச்சு வாங்குவதா, கத்துவதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தேன். அக்கா, அக்கா என்று நான் போட்ட சத்தம் மரங்களுக்குள் போய் எங்கேயோ தொலைந்தது. செம்மண்ணில் அவள் டயரின் தடம் தெளிவாகத் தெரிந்தது. நேராக, சீராக, கோபத்தில் மிதித்த தடம். இந்த உலகத்தில் எனக்கு அவள் ஒருத்திதான். இரண்டு பொட்டு. துடைக்கப் பத்து வினாடி ஆகியிருக்குமா?

ஒரு திருப்பத்தில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் சங்கிலி கழன்ற சைக்கிளோடு நின்றிருந்தார். சிவப்பு ஹெல்மெட் போட்ட அம்மாவைப் பார்த்தீர்களா என்று மூச்சுக்கு நடுவில் கேட்டேன்.

"இப்பதான் போனாங்க. உதவி வேணுமான்னு கேட்டுட்டு, வேணாம்னதும் பறந்துட்டாங்க."

"எவ்வளவு நேரமிருக்கும்?"

"மூணு நாலு நிமிஷம்."

அவர் வேறு ஏதோ கேட்டார். நான் நிற்கவில்லை.

உச்சியில் ஒரு மரப்பலகை உண்டு. அக்கா வழக்கமாக அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாள். எனக்காகக் காத்திருப்பாள். பலகை காலியாக இருந்தது. அவளுடைய டயர்த்தடம் அதைக் கடந்து நேராகச் சரிவுக்குள் இறங்கியிருந்தது. பிரேக்கைப் பிடித்தும் பிடிக்காமலும் இறங்கினேன். இரண்டு வளைவு கூடத் தாண்டியிருக்க மாட்டேன், கீழே அத்தானின் குரல் கேட்டது. 'நில்லு' என்ற ஒரே வார்த்தை. அதை அடுத்து டயர் தேயும் சத்தம், பிறகு இரும்பு தரையில் விழும் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

அந்த வளைவைத் திரும்புவதற்குள் நான் நினைத்ததையெல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை.

திரும்பினேன். அக்கா தடத்தில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, ஹெல்மெட் கோணியிருந்தது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

"புத்தி இருக்கா உங்களுக்கு? நடுத்தடத்துல வந்து கையை விரிச்சுக்கிட்டு நின்னா நான் என்ன பண்ணுவேன்? நீங்க நிக்கலைன்னா நான் விழுந்தே இருக்க மாட்டேன்."

அத்தான் சரிவில் அவளுக்குக் கொஞ்சம் கீழே, தரையில் கிடந்தார். பறந்து வந்தவளைப் பிடித்திருக்கிறார். வலது மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கத்தில் மடிந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. இடது கையால் சைக்கிளைக் காட்டினார். முன்சக்கரம் நேராகக் கிடந்தது. ஹேண்டில் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அவருக்குப் பத்தடி கீழே பல்வரிசையின் முதல் கல்.

அக்கா சைக்கிளைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். பள்ளத்தைப் பார்த்தாள்.

"பொட்டு இருந்துச்சே" என்றாள், சின்னக் குரலில். "நான் பாத்துட்டுத்தானே ஏறினேன்."

"நான் துடைக்கல" என்றார் அத்தான்.

"நான்தான் துடைக்கல" என்றேன். "அவர் கேட்டாரு, துடைச்சேன்னு சொன்னேன்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் நேராக நினைத்துப் பார்க்க முடிவதில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"தளர்த்தினவன்தான் துடைக்கணும். துணியை அவகிட்ட குடுத்தது நான்" என்றார் அத்தான். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எடுக்கவிடவும் இல்லை. நரைத் தாடிக்காரர் பின்னாலேயே வந்து சேர்ந்தார். அவர் உதவியோடு மூவரும் நடந்து இறங்கினோம்.

பக்கத்து ஊர் மருத்துவமனையில் எலும்பைச் சேர்த்து முழங்கை வரை மாவுக்கட்டு போட்டார்கள். மூன்று மாதம் எதையும் முறுக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது அத்தான் முதல் தடவையாகக் கலங்கிய மாதிரி தெரிந்தது. அக்கா அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கட்டைத் தட்டிப் பார்த்து, மணிக்கட்டுக்கு மேலே ஒரு மஞ்சள் பொட்டு வைத்தாள்.

"கெட்டியாத்தான் கட்டியிருக்காங்க" என்றாள். சிரிக்கப் போய் அழுதாள். அத்தான் இடது கையால் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலையில் ஊருக்குக் கிளம்பினோம். ஒரு சுற்றுகூட முழுதாக ஓட்டாத சைக்கிள்கள் பின்னால் குலுங்கிக்கொண்டு வந்தன. அக்கா என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். மலைச்சாலைக்கு முன்னால் உள்ள பெட்ரோல் நிலையத்தில் வேன் நின்றதும், பழக்கத்தில் அத்தான் இறங்கினார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பெரிய ரெஞ்சை இடது கையால் தூக்கி என்னிடம் நீட்டினார்.

ஒரு சக்கரத்துக்கு ஐந்து, மொத்தம் இருபது நட்டு. முதல் டக் கேட்டபோது கைக்குள் ஏதோ உயிருள்ள ஒன்று துள்ளிய மாதிரி இருந்தது. அத்தான் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். முடித்ததும் பேனாவை நீட்டினார்.

"நீங்க வைங்க அத்தான்."

"நான் இறுக்கலையே."

பழைய பொட்டுகளுக்கு மேலேயே இருபது பொட்டு வைத்தேன். தேநீர்க் கோப்பைகளோடு அக்கா வந்தாள். வேனை ஒரு சுற்று சுற்றினாள்.

"யாரு வெச்சது?"

"நான்தான்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு நட்டையும் தொடவில்லை. கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியதும்தான் எனக்கு ஆரம்பித்தது. பின்பக்க இடது சக்கரம், மூன்றாவது நட்டு. அதில் டக் கேட்டதா, கேட்ட மாதிரி நினைத்துக்கொண்டேனா? பொட்டெல்லாம் பழசின் மேல் புதுசு, எதை இறுக்கினேன், எதை விட்டேன் என்று எப்படித் தெரியும்? வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. முதல் திருப்பம் வந்தது. இரண்டாவது வந்தது. தேநீர் குடிக்காமலே ஆறிப்போனது.

"அக்கா, வண்டியை ஓரமா நிறுத்து."

அவள் அத்தானைப் பார்த்தாள். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. நிறுத்தினாள்.

ரெஞ்ச், துணி, தின்னர் புட்டி மூன்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கையுறையைக் கழற்றி எறிந்தேன். பொட்டைத் துடைத்து, ரெஞ்சைப் போட்டு, டக் கேட்டு, பொட்டு வைத்து, அடுத்தது. விரல்கள் எரிந்து, மரத்து, பிறகு என்னுடையவையாக இல்லாமல் போயின. மூன்றாவது நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. எல்லாமே இறுக்கமாகத்தான் இருந்தன. கடைசிச் சக்கரத்தை முடித்து நான் ஏறி உட்கார்ந்தபோது அரை மணி நேரம் போயிருந்தது. அக்கா ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

அத்தான் முன்னிருக்கையிலிருந்து திரும்பினார்.

"எல்லாத்தையும் துடைச்சிட்டுத்தானே வெச்ச?"

"இருபதும், அத்தான்."

அவர் இறங்கிப் பார்க்கவில்லை. அக்காவிடம், "எடும்மா" என்றார்.